பிறந்த ஊரிலேயே பார்ட்சுக்கு தவம்! எக்கோஸ்போர்ட் ஓனர்கள் படும் பாடு

சென்னை:-

மறைமலைநகர் தொழிற்சாலையில் தயாராகி அமெரிக்கா வரைக்கும் கப்பல் ஏறிய கார், ஃபோர்டு எக்கோஸ்போர்ட். அந்த காருக்கு ஒரு ஹெட்லைட் உடைந்துவிட்டது, ஒரு பம்பர் மாத்தணும் என்று போனால், அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் குடியிருப்பவருக்கும் சில நேரம் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலை.

"ஸ்டாக் இல்லை சார், ஆர்டர் போட்டிருக்கோம், வந்ததும் போன் பண்றோம்." இந்த மூன்று வாக்கியத்தையும் கேட்காத எக்கோஸ்போர்ட் ஓனர் இருந்தால் அவர் கொடுத்து வைத்தவர்.

இன்னொரு பக்கம், பழைய கார் மார்க்கெட்டில் இந்த வண்டிக்கு கிராக்கி குறைந்து விலையும் இறங்கியிருக்கிறது. மாத சம்பளக்காரர்கள், சின்ன கடை வைத்திருப்பவர்கள், சொந்தமாக ஒரு கார் வாங்க வேண்டும் என்று பல வருஷமாக சீட்டு கட்டி வந்தவர்கள் எல்லாம் "இந்த விலைக்கு இவ்வளவு பெரிய வண்டியா?" என்று ஆசைப்படுகிறார்கள். வாங்கலாமா, வாங்கினால் சமாளிக்க முடியுமா என்பதுதான் இப்போது கேள்வி. இதுபற்றிய விவரம் வருமாறு:-

5.59 லட்சம்

எக்கோஸ்போர்ட் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2013 ஜூன் மாதம். ஆரம்ப விலை டெல்லி ஷோரூமில் ரூ.5.59 லட்சம். பார்க்க ஜீப் மாதிரி உயரமாக இருக்கும், பின் கதவில் ஸ்டெப்னி தொங்கும், ஆனால் நீளம் 4 மீட்டருக்குள் அடங்கிவிடும். 4 மீட்டருக்குள் இருந்து, என்ஜினும் சின்னதாக இருந்தால் வரி குறைவு. அந்த கணக்கை சரியாக பிடித்த வண்டி இது. புக்கிங் செய்துவிட்டு மாதக்கணக்கில் ஜனம் காத்திருந்தது. இன்று ரோட்டில் ஓடும் அத்தனை குட்டி எஸ்.யு.வி.களுக்கும் வழிகாட்டியது இந்த வண்டிதான் என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் தொடக்கத்தில் இருந்தே குறை இல்லாமல் இல்லை. 2014-ம் ஆண்டு 20,752 வண்டிகளை கம்பெனியே திரும்ப அழைத்து சரிசெய்து கொடுத்தது. 2016-ல் சுமார் 48 ஆயிரம் டீசல் வண்டிகளில் எரிபொருள் குழாயையும் பிரேக் குழாயையும் சேர்த்து பிடிக்கும் கிளிப்பை பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். 2018-ல் 4,379 வண்டிகளுக்கு முன் சக்கரத்தை தாங்கும் கன்ட்ரோல் ஆர்ம் வெல்டிங்கில் சந்தேகம் என்று அழைப்பு வந்தது. இவை 2017 மே, ஜூன் மாதங்களில் சென்னையில் செய்த வண்டிகள்.

இதை வைத்து மட்டும் வண்டி மோசம் என்று சொல்லிவிட முடியாது. திரும்ப அழைத்து இலவசமாக சரிசெய்வது நல்ல பழக்கம்தான். எந்த கம்பெனிக்கும் இது நடக்கும். பிரச்சனை, கூப்பிட்டபோது போகாதவர்கள். அந்த வண்டி இன்று மூன்றாவது கையில் இருந்தால், அழைப்பு வந்த விஷயமே இப்போதைய ஓனருக்கு தெரியாது.

டாட்டா காட்டிய நாள்

2021 செப்டம்பர் 9. இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துகிறோம் என்று ஃபோர்டு அறிவித்தது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று காரணம் சொன்னார்கள். குஜராத் சனந்த் தொழிற்சாலை பிறகு டாட்டா மோட்டார்ஸ் கைக்கு போனது. விலை ரூ.725.7 கோடி. மறைமலைநகரில் 2022 மே, ஜூன் மாதங்களில் இழப்பீடு போதாது என்று தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022 ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளியே வந்தது. அதோடு லைன் நின்றது.

சர்வீஸ் கொடுப்போம், பார்ட்ஸ் கொடுப்போம், வாரண்டியை மதிப்போம் என்று கம்பெனி அப்போதே வாக்கு கொடுத்தது. அதை அப்படியே காற்றில் விட்டுவிட்டார்கள் என்றும் சொல்லமுடியாது. சர்வீஸ் சென்டர்கள் இன்றும் இருக்கின்றன. ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் மாதிரி அடிக்கடி மாத்துகிற சாமான் கிடைக்கிறது.

பிறகு என்ன பிரச்சனை? டீலர்தான். அறிவிப்பு வந்த நேரத்தில் நாடு முழுக்க 170 டீலர்கள், 391 கடைகள், அதில் 40 ஆயிரம் பேர் வேலை என்று டீலர்கள் சங்கம் கணக்கு சொன்னது. புது கார் விற்று வரும் லாபம் நின்றுபோனால் டீலர் எத்தனை நாள் வெறும் சர்வீஸ் வருமானத்தில் கடை நடத்துவார்? வேறு கம்பெனி போர்டை மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. மூடிவிட்டு போனவர்கள் உண்டு. அங்கே இருந்த அனுபவமுள்ள மெக்கானிக்குகளும் கூடவே போய்விட்டார்கள். மாவட்டத்தில் ஒன்று இரண்டு இருந்த இடத்தில் இப்போது அடுத்த ஊருக்கு வண்டியை ஓட்டிக்கொண்டோ, கட்டி இழுத்துக்கொண்டோ போக வேண்டியிருக்கிறது.

இழுபறி ஆவது எப்போதாவது மாத்துகிற சாமானில்தான். கதவு, கண்ணாடி, விளக்கு, வயரிங், கம்ப்யூட்டர் பெட்டி. இவை எல்லா நேரமும் கடை அலமாரியில் இருக்காது. ஆர்டர் போட்டுத்தான் வரவேண்டும்.

புதுப்பேட்டை கைகொடுக்குமா?

"கம்பெனி இல்லைன்னா என்ன, புதுப்பேட்டையில கிடைக்காததா?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். கதவு, பானெட், சீட், சஸ்பென்ஷன் சாமான் எல்லாம் உடைத்த வண்டியில் இருந்து எடுத்து போட்டுவிடலாம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வேறு கம்பெனி செய்த மாற்று பார்ட்சும் கிடைக்கும்.

ஆனால் இது அம்பாசிடர் காலம் இல்லை. என்ஜினை ஓட்டும் கம்ப்யூட்டர் பெட்டியும் சாவியும் அந்தந்த வண்டியோடு ஜோடி சேர்க்கப்பட்டவை. இன்னொரு வண்டியில் இருந்து கழற்றி மாட்டினால் ஸ்டார்ட்டே ஆகாது. லேப்டாப்பை மாட்டி புரோகிராம் செய்யவேண்டும். அந்த சாப்ட்வேர் தெரிந்த பட்டறைகள் சென்னை, கோவை மாதிரி ஊர்களில் உண்டு. சின்ன ஊரில் கண்டுபிடிப்பது குதிரைக்கொம்பு.

ஆயிலில் ஊறும் பெல்ட்

என்ஜின் விஷயத்துக்கு வருவோம். எக்கோஸ்போர்ட் என்று ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே இருக்கும் என்ஜின் பல வகை. 1.5 லிட்டர் டீசல் என்ஜினுக்கு மெக்கானிக்குகளிடம் நல்ல பெயர். வம்பு பெட்ரோலில்.

1 லிட்டர் டர்போ பெட்ரோல், 2017 கடைசியில் வந்த 3 சிலிண்டர் 1.5 லிட்டர் பெட்ரோல், இந்த இரண்டிலும் டைமிங் பெல்ட் என்ஜின் ஆயிலுக்கு உள்ளேயே ஓடும். சத்தம் வராது, உரசல் குறைவு என்பது கம்பெனி கணக்கு. பெல்ட் ரப்பர்தானே? தவறான ஆயில் ஊற்றினாலோ, ஆயில் மாத்தாமல் இழுத்தடித்தாலோ ரப்பர் ஊறி உதிர ஆரம்பிக்கும். உதிர்ந்த துகள் கீழே ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். ஆயில் மேலே ஏறாது. என்ஜின் ஜாம். ஒரு லிட்டர் ஆயிலில் மிச்சம் பிடிக்கப்போய் என்ஜினையே மாத்துகிற செலவு.

இது வெறும் பட்டறை பேச்சு இல்லை. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 1 லிட்டர் என்ஜின் உள்ள 1,39,730 கார்களை ஃபோர்டு திரும்ப அழைத்தது. அங்கே சொன்ன கோளாறு ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட்டின் டென்ஷனரில். அது முறிந்தால் ஆயில் பிரஷர் போகும், என்ஜின் நிற்கும், பிரேக் பிடிக்க அதிக பலம் வேண்டியிருக்கும் என்றார்கள். அந்த பட்டியலில் இருந்த 2018 முதல் 2022 வரையிலான எக்கோஸ்போர்ட்டுகள் நம்ம மறைமலைநகரில் செய்து அனுப்பியவை. இங்கே விற்ற வண்டிக்கும் அதே குறை இருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ஆயில் லைட் எரிந்தால் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று இன்னும் 10 கிலோமீட்டர் ஓட்டுவது ஆபத்து என்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

"நீங்க ஓட்டுறதுதான் சரியில்லை"

2013 முதல் 2017 வரை வந்த ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள் தனி கதை. பவர்ஷிப்ட் என்று பெயர். இரண்டு கிளட்ச், அதை இயக்க ஒரு கம்ப்யூட்டர். மெதுவாக போகும்போது உதறல், திடீரென்று கியர் விழாமல் போவது என்று உலகம் முழுக்க புகார். கிளட்ச் மாத்துவதற்கே தனி டூல் வேண்டும். மாத்திய பிறகு கம்ப்யூட்டருக்கு புது கிளட்ச்சை பழக்கிவிடவும் வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் இந்த கியர்பாக்ஸ் உள்ள ஃபோகஸ், ஃபியஸ்டா, எக்கோஸ்போர்ட் கார்கள் பற்றி புகார் சொன்ன வாடிக்கையாளர்களிடம், சிலருக்கு "நீங்க ஓட்டுற விதம்தான் காரணம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அரசின் நுகர்வோர் அமைப்பு கோர்ட்டுக்கு போனது. புகார்களை கையாண்ட விதம் தவறு என்று ஃபோர்டு ஒப்புக்கொண்டது. 2018-ல் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

"நீங்க ஓட்டுறதுதான் சரியில்லை" என்ற அந்த வசனம் நம்ம ஊர் சர்வீஸ் சென்டர் கவுன்டரிலும் கேட்ட மாதிரி இருக்கிறதா? அங்கே கேட்க ஆள் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேட்க இங்கே யார்?

இங்கேயும் சட்டம் இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல், குறை உள்ள வண்டிகளை திரும்ப அழைக்கும்படி மத்திய அரசே உத்தரவிட முடியும். அபராதம் ரூ.1 கோடி வரை. ஆனால் 7 வயதுக்குள் உள்ள வண்டிக்குத்தான் இது. 2021-ல் வாங்கியவருக்கு 2028 வரை வழி உண்டு. 2014-ல் வாங்கியவருக்கு கதவு எப்போதோ மூடிவிட்டது. அதோடு, குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார் சேர்ந்தால்தான் விசாரணையே. பட்டறையில் புலம்புவது கணக்கில் வராது.

தனி ஆளாக போராட நுகர்வோர் கோர்ட் இருக்கிறது. 1915 என்ற நம்பருக்கு போன் செய்து புகார் பதியலாம். மாவட்ட ஆணையத்தில் ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்கும் சேவைக்கும் கட்டணமே கிடையாது. பிரச்சனை நடந்து 2 ஆண்டுக்குள் போகவேண்டும். மூன்று மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கும் என்பது போனவர்களுக்கு தெரியும்.

அங்கே பெரும்பாலும் கேஸ் தோற்பது சட்டத்தால் இல்லை, காகிதத்தால். வண்டியை விடும்போது ஜாப் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று நம்ம ஆட்கள் பார்ப்பதே இல்லை. நாம் "என்ஜின் நின்னுபோகுது" என்று வாயால் சொல்லியிருப்போம். அவர்கள் "ஜெனரல் செக்கப்" என்று எழுதியிருப்பார்கள். நாலு தடவை அதே கோளாறுக்கு போனதற்கு ஆதாரம் பூஜ்ஜியம். நாம் சொன்னதை சொன்னபடி எழுத வைத்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தால் பாதி கேஸ் அங்கேயே தயார். பில் கொடுக்க மறுப்பதும் சட்டப்படி முறைகேடான வர்த்தகம்தான். "பில் போட்டா ஜி.எஸ்.டி. ஆகும்" என்று சொன்னால், 2025 செப்டம்பர் 22 முதல் கார் பார்ட்ஸ் எல்லாவற்றுக்கும் வரி 18 சதவீதம்தான், பல சாமானுக்கு முன்பு இருந்த 28 இல்லை என்று எடுத்துச் சொல்லலாம்.

வாங்கலாமா?

இதெல்லாம் கேட்டு பயந்துபோகவும் வேண்டாம். ஷெவர்லே 2017-லேயே இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. தவேரா இன்றும் கல்யாண வீட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எளிமையான டீசல் என்ஜின், கையில் போடும் கியர், எல்லா மெக்கானிக்குக்கும் பழக்கமான வண்டி என்பதால் தப்பித்தது. எக்கோஸ்போர்ட்டிலும் டீசல், கை கியர் வண்டிக்கு இதே நியாயம் பொருந்தும். சர்வீஸ் பில் ஒழுங்காக இருக்கும் வண்டி, பக்கத்தில் நம்பிக்கையான மெக்கானிக், இந்த இரண்டும் இருந்தால் துணிந்து பேரம் பேசலாம். ஆயில் மாத்திய பில் இல்லாத பெட்ரோல் வண்டியையும், பழைய பவர்ஷிப்ட் வண்டியையும் புரோக்கர் சும்மா கொடுத்தாலும் யோசிக்க வேண்டும்.

இன்சூரன்சில் ஒரு சங்கதி பலருக்கு தெரியாது. ரிப்பேர் செலவு, பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பில் 75 சதவீதத்தை தாண்டினால் மொத்த நஷ்டம் என்று கணக்கு முடித்துவிடுவார்கள். வண்டிக்கு வயதாக ஆக மதிப்பு இறங்கும், பார்ட்ஸ் விலை இறங்காது. முன்பக்கம் ஓங்கி ஒரு இடி வாங்கி ரேடியேட்டர், விளக்கு, ஏர்பேக் எல்லாம் போனால், ஓடக்கூடிய வண்டியே பழைய இரும்புக்கு போய்விடலாம். பிரீமியத்தில் சில நூறு ரூபாய் மிச்சம் என்று வண்டி மதிப்பை குறைத்து போடச் சொல்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இதற்கிடையே ஃபோர்டு திரும்பி வருகிறது என்ற செய்தியால் பல ஓனர்களுக்கு சந்தோஷம். 2024 செப்டம்பரில் மறைமலைநகர் ஆலையை ஏற்றுமதிக்கு பயன்படுத்த கம்பெனி தமிழக அரசிடம் விருப்ப கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபர் 31-ல் ரூ.3,250 கோடி முதலீட்டுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. ஆண்டுக்கு 2.35 லட்சம் என்ஜின், 2029-ல் தொடக்கம். வேலை தேடும் பிள்ளைகளுக்கு நல்ல செய்தி. ஆனால் அங்கே தயாராகப்போவது புது தலைமுறை என்ஜின். இங்கே விற்க கார் செய்வோம் என்று அந்த ஒப்பந்தத்தில் சொல்லவில்லை. பட்டறையில் ஹெட்லைட்டுக்காக நிற்கும் எக்கோஸ்போர்ட்டுக்கு அதனால் ஒரு பல்பும் வரப்போவதில்லை.