மாலைச் சுரமும் காலை மருத்துவமும்

கபிலை ஆற்றங்கரையிலுள்ள நஞ்சன்கூடு, பிணி தீர வேண்டி மக்கள் நாடிவரும் தலமென நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. யானையொன்றின் கண்நோய் இங்கு வேண்டிக்கொண்டபின் நீங்கியதால், திப்பு சுல்தான் இத்தலத்து இறைவனை 'ஹக்கீம் நஞ்சுண்டன்', அதாவது மருத்துவராகிய நஞ்சுண்டன், என்று போற்றியதாக மரபு கூறும். இன்று இவ்வட்டத்தில் நாட்பட்ட சுரம் கண்டவர்கள், உள்ளூர் மருத்துவத்தில் குணம் காணாவிடில், சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மைசூரின் பெரிய மருத்துவமனைகளுக்குச் செல்கின்றனர். புறநோயாளர் பிரிவுகள் பெரும்பாலும் காலையிலேயே இயங்குவதால், அப்பயணமும் காலையிலேயே நிகழ்கிறது. இவ்வழக்கத்தினால் மருத்துவர் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடும் அரிய நோய் ஒன்று உண்டு. வயதுவந்தோரைப் பற்றும் ஸ்டில் நோய் என்பது அதன் பெயர்.

1897-ஆம் ஆண்டில் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டில் என்னும் ஆங்கில மருத்துவர், குழந்தைகளிடம் காணப்படும் ஒருவகை மூட்டழற்சியை விவரித்தார். அதே நோய் வயதுவந்தோரையும் பற்றுவதை, 1971-இல் எரிக் பைவாட்டர்ஸ் 14 நோயாளிகளைக் கொண்டு எடுத்துக்காட்டினார். இது கிருமியால் வருவதன்று. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதுமன்று. உடலின் காப்பு அமைப்பே காரணமின்றிக் கிளர்ந்தெழுந்து உடலெங்கும் அழற்சியை விளைவிக்கிறது. பெரும்பாலும் இளம் வயதினரே இதற்கு ஆளாகின்றனர். மேற்குப் பிரான்சில் எடுத்த கணக்கின்படி, பத்து லட்சம் மக்களில் ஆண்டுக்கு இருவருக்கும் குறைவானோரே இந்நோயுற்றனர். நம் நாட்டில் 1992-இல் வெளிவந்த ஆய்வுரையொன்று, வட இந்தியாவில் 15 ஆண்டுகளில் கண்ட 18 நோயாளிகளைப் பற்றியதாகும்.

இந்நோயின் போக்கு தனித்தன்மை வாய்ந்தது. சுரம் நாள்தோறும், பெரும்பாலும் மாலையில், 39 டிகிரி செண்டிகிரேடுக்கு மேல் ஏறி, சில மணி நேரத்தில் தானே இறங்கிவிடும். சுரம் ஏறும்போது மார்பு, முதுகு, மேற்கைகள், தொடைகள் ஆகியவற்றில் இளஞ்செந்நிறத் தடிப்புகள் தோன்றும். சுரம் தணியும்போது அவையும் மறையும். கருநிறத் தோலில் அவற்றைக் காண்பது இன்னும் அரிது. இவற்றுடன் மூட்டுவலியும் தொண்டைவலியும் சேரும். காலையில் மருத்துவர்முன் அமரும் நோயாளியிடமோ சுரமும் இராது, தடிப்பும் இராது. களைப்பும் வலியுமே எஞ்சியிருக்கும். ஆகவே இது டைபாய்டு என்றோ, காசநோய் என்றோ, மருந்து ஒவ்வாமை என்றோ கருதப்படுகிறது. நோயாளி பயனற்ற மருந்துகளை வாரக்கணக்கில் உண்ணவும் நேர்கிறது.

இக்குறைக்கு மருத்துவரின் அறியாமையை மட்டும் காரணம் கூறுதல் பொருந்தாது. நோய் தன்னைக் காட்டும் வேளையில் மருத்துவர் அருகில் இல்லை என்பதே உண்மையான காரணம். அவ்வேளையில் அருகில் இருப்பவர்கள் வீட்டாரும், ஆஷா ஊழியரும், சுகாதாரப் பணியாளரும், ஊர் ஆசிரியருமே ஆவர். ஆதலின் இவர்கள் எழுதித் தரும் சுரக் குறிப்பை, ஆய்வுக்கூட அறிக்கைக்கு ஒப்பான சான்றாக மருத்துவமனைகள் ஏற்றல் வேண்டும்.

குறிப்பெடுக்கும் முறை எளிது. காலை, நண்பகல், மாலை, இரவு என நான்கு வேளையும் வெப்பமானியால் அளந்து எழுதுக. பாரசிட்டமால் உண்ட நேரத்தையும் குறித்திடுக. அம்மருந்து சுரத்தின் போக்கை மறைத்துவிடும். தடிப்பு தோன்றியவுடன் கைப்பேசியில் படமெடுத்து, நேரத்தையும் எழுதிவைத்திடுக. ஆயினும் குறிப்பு நிறைவடையட்டும் என்று நோயாளியை வீட்டில் நிறுத்திவைத்தல் கூடாது. மூன்று நாள் நீடித்த சுரம் எதுவாயினும் மருத்துவரிடம் காட்டத்தக்கதே.

கள ஊழியர் நோய்க்குப் பெயர் சூட்ட முற்படுதல் தகாது. மலேரியா, டெங்கு, டைபாய்டு, காசநோய், உண்ணிச் சுரம் ஆகிய தொற்றுகளையும், இரத்தப் புற்று முதலியவற்றையும் விலக்கிய பின்னரே ஸ்டில் நோயென முடிவு செய்யவியலும். 1992-இல் ஜப்பானிய மருத்துவர் யமகுச்சியும் அவர்தம் குழுவினரும் வகுத்த விதிகள் இதையே வலியுறுத்துகின்றன. இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகுதல், ஃபெரிட்டின் என்னும் புரதம் பன்மடங்கு உயர்தல் ஆகியவை துணைச்சான்றுகளாம். நோய் உறுதிப்படுமுன் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி உண்பது பெருந்தீங்கு. அது சுரத்தை அடக்கி, உள்ளிருக்கும் காசநோயையோ புற்றையோ மறைத்துவிடும்.

நோய் உறுதியானபின் மருத்துவம் உண்டு. வலிநீக்கி மருந்துகள், ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட் ஆகியவற்றோடு, டோசிலிசுமாப் போன்ற விலைமிகுந்த ஊசிமருந்துகளும் இன்று உள. சிலருக்கு நோய் ஒருமுறை வந்து நீங்கும்; சிலருக்கு மீண்டும் மீண்டும் வரும்; சிலருக்கு மூட்டழற்சியாக நிலைத்துவிடும். எனவே கள ஊழியரின் பணி இங்கும் தொடர்கிறது. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தலாகாது. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே உண்ணத்தக்கது. தவறுதலாக நாள்தோறும் உண்டால் உயிருக்கே கேடாகும். கருவுற்ற மகளிர் அதனை உண்ணவே கூடாது. சுரம் இறங்காமல் நிலைத்தல், மூக்கிலோ ஈறிலோ குருதி கசிதல், அறிவு தடுமாறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், இரவென்றும் பாராது நோயாளியை மருத்துவமனையில் சேர்த்தல் வேண்டும். அழற்சி கட்டுமீறி இரத்த அணுக்களையே அழிக்கும் நிலையின் அறிகுறிகளாக அவை இருக்கலாம்.

இத்துணை அரிய நோய்க்காகப் பணிச்சுமை மிக்க ஊழியரை மேலும் வருத்துதல் முறையோ என்று சிலர் வினவக்கூடும். சுரக் குறிப்பு ஸ்டில் நோய்க்கு மட்டும் உரியதன்று. காசநோயின் மெல்லிய மாலைச் சுரத்தையும், மலேரியாவின் முறைச் சுரத்தையும், டைபாய்டின் நீடித்த சுரத்தையும் பிரித்தறியவும் அதுவே துணை செய்யும். ஆயிரம் பேருக்கு எடுத்த குறிப்புகளில் ஒன்றுகூட ஸ்டில் நோயைக் காட்டாமற் போகலாம். எனினும் அவற்றுள் ஒன்றும் வீணாகாது. வெப்பமானியும், ஒரு தாளும், மாலையில் நோயாளியின் வீட்டுப்படி ஏறும் ஒருவரும் இருந்தால் இப்பணி நடைபெறும். அத்தாளைக் காலையில் வாங்கிப் படிக்கும் பொறுமை மருத்துவமனைக்கு இருத்தல் வேண்டும்.