லண்டன் – பாரிஸ்: ஒண்ணே கால் மணி நேரம்தானா?



போன வாரம் எங்க வகுப்பு வினாடி வினாவில் ஒரு கேள்வி. "லண்டனிலிருந்து பாரிஸ் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?" எங்கள் அணி "மூன்றரை மணி நேரம்" என்றது. "தப்பு! விமானத்தில் ஒண்ணே கால் மணி நேரம்" என்று மார்க் எதிரணிக்குப் போய்விட்டது. மார்க் போனா போகட்டும். அந்தப் பதில் சரியா என்பதுதான் என் கேள்வி.

இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் சுமார் 344 கிலோமீட்டர். விமானம் கிளம்பி இறங்க ஒண்ணே கால் மணி நேரம் என்பது உண்மைதான். ஆனா விமானம் ஊர் நடுவிலிருந்தா கிளம்புது? ஹீத்ரோ நிலையம் லண்டனுக்கு மேற்கே 20 கிலோமீட்டருக்கும் அப்பால். பாரிஸின் சார்லஸ் டி கோல் நிலையமும் நகரத்தை விட்டு 25 கிலோமீட்டர் தள்ளி. அங்கே போக ஒரு மணி நேரம், சோதனைக்கும் காத்திருப்புக்கும் இரண்டு மணி நேரம், இறங்கிப் பெட்டியை எடுத்து ஊருக்குள் வர இன்னும் ஒரு மணி நேரம். கூட்டிப் பாருங்க, ஐந்து மணி நேரத்தைத் தாண்டுது!

யூரோஸ்டார் ரயில் 1994 முதல் ஓடுகிறது. கடலுக்கு அடியில் சுமார் 50 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வழியாகப் போகும். தண்டவாள தூரம் ஏறக்குறைய 490 கிலோமீட்டர். விமானப் பாதையை விட அதிகம்! ஆனாலும் 300 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து, ரெண்டே கால், ரெண்டரை மணி நேரத்தில் பாரிஸ் நடுவிலேயே இறக்கி விடுகிறது. இதற்கும் பாஸ்போர்ட் சோதனை உண்டு, ஒரு மணி நேரம் முன்னாடியே போகணும். அதைச் சேர்த்துத்தான் நாங்கள் மூன்றரை என்றோம்.

ஒரு வேடிக்கை கேளுங்க. 1919 ஆகஸ்டில் லண்டன்–பாரிஸ் தினசரி விமான சேவை தொடங்கியபோது பறக்கவே சுமார் இரண்டரை மணி நேரம் ஆனது. அன்றைய விமானத்தின் நேரத்தை இன்று ரயில் பிடித்துவிட்டது!

இன்னொரு குழப்பம், கடிகாரம். லண்டன் நேரம் பாரிஸை விட ஒரு மணி நேரம் பின்னால். பாரிஸில் 9 மணிக்கு ஏறினால் லண்டனில் 9.15க்கு இறங்கலாம். டிக்கெட்டை மட்டும் பார்த்தால் கால் மணி நேரப் பயணம்! திரும்பிப் போனால் ரெண்டே கால்.

விமானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லண்டனிலிருந்து ஏதென்ஸ் சுமார் 2,400 கிலோமீட்டர், அங்கே ரயிலில் போனால் நாள் கணக்காகும். பக்கத்து ஊருக்கு எதுக்குங்க அவ்வளவு புகை? பிரான்ஸ் 2023இல் ஒரு விதியே கொண்டு வந்தது. ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய சில உள்நாட்டு ஊர்களுக்கு விமானம் கூடாது என்று. பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து லியோன், நான்ட், போர்தோ ஊர்களுக்கான விமானங்கள் அதில் அடங்கின.

அதனால் வினாடி வினா நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "பறக்கும் நேரம்" என்று கேளுங்கள், ஒண்ணே கால் என்றே சொல்கிறோம். "போய்ச் சேர" என்று கேட்டால் எங்கள் பதில் மூன்றரைதான். முழு மார்க் வேண்டாம், பாதியாவது போடுங்க!

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி