நாயுண்ணிக்கு இடம் கொடுத்தது யார்?

கண்டியிலிருந்து ஹந்தானை மலைக்குச் செல்லும் வீதியோரங்களில் காட்டுச் சூரியகாந்தி மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும். இன்னும் மேலே நாயுண்ணியும் கினிப்புல்லும் மானாப்புல்லும். எவரும் நட்டவையல்ல, எவரும் நீர் வார்த்தவையுமல்ல. இவற்றுட் பலவற்றை ‘அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்கள்’ எனப் பெயரிட்டு, சிரமதானம் நடத்திப் பிடுங்குவது நம்மிடையே வழமையாகிவிட்டது. அத்தகைய சிரமதானங்கள் பலவற்றைப் பற்றி நானும் செய்தி எழுதியிருக்கிறேன். ஓரிரு மழைக்குப் பின்னர் அதே இடத்தில் அதே செடிகள் தழைத்து நிற்பது மட்டும் செய்தியாவதில்லை.

அந்நியம் என்பதே குற்றமெனில் முதலில் பிடுங்க வேண்டியது தேயிலையை. 1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் பயிரிட்ட அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான். அதைப் பறிக்க வந்த மக்களையும் இந்நாடு நெடுங்காலம் அந்நியர் என்றே அழைத்தது. ஆகவே அச்சொல்லை எளிதாக உச்சரிக்க என்னால் இயலவில்லை.

நாயுண்ணி பேராதனைப் பூங்கா வழியாக, அழகுச் செடியாக இத்தீவுக்குள் வந்தது. பழத்தைத் தின்ற பறவைகள் விதையைப் பரப்பின. ஆயினும் வெயில் விழாத அடர்காட்டினுள் அது எளிதில் தழைப்பதில்லை. காட்டை வெட்டிக் கோப்பி நட்டவர்களே அதற்கு வெயிலைத் திறந்துவிட்டார்கள். 1869 இல் தோன்றிய இலைத்துரு நோயாற் கோப்பி அழிந்தபோது, கைவிடப்பட்ட நிலங்களில் அது பரவியது. ஒரு நூற்றாண்டின் பின்னர் அக்கதை மீண்டும் நிகழ்ந்தது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் தொழிலாளரைப் பிரித்து அனுப்பியது; 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பின் கண்டி மாவட்டத்தின் தோட்டங்கள் பல பராமரிப்பின்றிச் சீரழிந்தன. ஆள் இல்லாத காணியில் புல் குடியேறியது. கோடையில் அப்புல் தீப்பற்றி எரிகிறது; எரிந்த இடத்தில் மீண்டும் அதுவே முளைக்கிறது.

எல்லாச் செடிகளும் ஒரே வகையின என்று நான் வாதிடவில்லை. உடவத்தகலைக் காட்டில், சிங்களத்தில் கட்டகுமஞ்சல் எனப்படும் தென்னமெரிக்க மரம் காற்றில் விதை பரப்பி, நிழலிலும் நெருக்கமாக முளைத்து, உள்ளூர் மரக்கன்றுகளை நெருக்குகிறது. அங்கே பிடுங்கத்தான் வேண்டும்; ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும்.

வெறுமையான சரிவுகளின் நிலை வேறு. அங்கு வெட்டினால் மட்டும் போதாது. வெட்டிய இடத்தில் நிழல்தரும் உள்ளூர் மரங்களை நட்டு, தீயைத் தடுத்து, சில ஆண்டுகள் காவல் காக்க வேண்டும். அதற்கு மலையோடு வாழும் தோட்ட மக்களுக்குக் காணியும் கூலியும் உரிமையும் வழங்கப்பட வேண்டும். ஒருநாட் சிரமதானத்தைவிட இது செலவு மிக்கது, புகைப்படத்துக்கும் உகந்ததல்ல.

நாயுண்ணி தானாக வளர்ந்தது என்கிறோம். அது வளர்ந்த தரிசு தானாக உருவானதல்ல.