பழைய ரொட்டிக்குப் பெயர் என்ன?

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் பதில் சொல்லுங்கள். உங்கள் வீட்டு அலமாரியிலோ குளிர்ப்பெட்டியிலோ இப்போது ஒரு ரொட்டிப் பொட்டலம் இருக்கிறதல்லவா? அதில் எத்தனை துண்டு மிச்சம்? முதல் துண்டும் கடைசித் துண்டும், அதாவது ஒரு பக்கம் முழுவதும் தோலாக இருக்கும் அந்த இரண்டும், தீண்டுவாரில்லாமல் அப்படியே கிடக்கின்றனவா? குழந்தைகள் அவற்றை ஒதுக்கிவிட்டு நடுவிலிருந்து உருவிக்கொண்டு போயிருப்பார்கள். நாலாம் நாள் அந்த இரண்டும் பச்சைப் பொட்டு வைத்துக்கொண்டு குப்பைத் தொட்டிக்குப் புறப்படும்.

நம் வீடுகளுக்கு ரொட்டி காய்ச்சலோடு வந்த பண்டம். "இரண்டு நாளைக்கு ரொட்டியும் பாலும் கொடுங்கள்" என்று டாக்டர் சொன்னால்தான் ஆள் கடைக்கு ஓடும். காய்ச்சல்காரருக்குப் பாதி, சுற்றி உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்க்கும் குழந்தைகளுக்குப் பாதி. மிச்சம் என்ற பேச்சே கிடையாது. 1965-ல் மத்திய சர்க்காரே மாடர்ன் பேக்கரீஸ் என்ற நிறுவனத்தை ஆரம்பித்து, நகரங்களில் ரொட்டியை எல்லோர் கைக்கும் எட்டும் சாமானாக்கியது. 2000-ல் அந்த நிறுவனம் தனியார் கைக்குப் போயிற்று. ரொட்டி மட்டும் நம்மிடமே தங்கிவிட்டது. பள்ளிக்கூட பஸ் வாசலில் நிற்கும்போது, இட்லி வேகக் காத்திருக்க முடியாத காலை வேளையில், நம் மானத்தைக் காப்பாற்றுவது அதுதானே!

2020-ல் ஊரடங்கின்போது இன்னொரு மாறுதல் வந்தது. கடைகண்ணி அடைத்திருந்த அந்த மாதங்களில் பலர் வீட்டிலேயே ரொட்டி சுடக் கற்றுக்கொண்டார்கள். சிலர் அத்தோடு விட்டார்கள். சிலர் இன்னும் விடவில்லை. எங்கள் தெருவில் விடாத மருமகள் ஒருத்தி இருக்கிறாள். மாடிப்படியில் காதில் விழுந்த சம்பாஷணை இது:

"ஏம்மா, கடையிலே அம்பது ரூபாய்க்கு விக்கிறதை, நீ ஏன் மூணு மணி நேரம் அடுப்போட மல்லாடறே?"

"கடை ரொட்டியிலே மருந்து போடறாங்க அத்தை."

"சரி, போன வாரம் நீ பண்ணினது மூணாம் நாளே பூத்துப் போச்சே! மருந்து இல்லாம இருந்தா மட்டும் போதுமா? அதைச் சாப்பிட ஆளும் வேணாமா?"

இருவர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. முதலில் மருமகளின் மருந்தைப் பார்ப்போம். பொட்டாசியம் புரோமேட் என்று ஒரு பொருளை மாவில் சேர்த்து வந்தார்கள். ரொட்டி நன்றாக உப்பிப் பஞ்சு போல வரும். அது புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்ற சந்தேகம் வெகு நாளாக உண்டு. 2016-ல் டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடை ரொட்டிகளைச் சோதித்து வெளியிட்ட பிறகு, அதே ஆண்டில் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடை செய்துவிட்டது. இன்று பொட்டலத்தில் நீங்கள் பெரும்பாலும் பார்ப்பது கால்சியம் புரோப்பியனேட். பூசணம் பிடிக்காமலிருக்கச் சேர்ப்பது. அளவோடு சேர்க்க அனுமதி உண்டு. மருந்தைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகத்தான் அச்சிட வேண்டும் என்பது விதி. 'கோதுமை ரொட்டி' என்று மேலே கொட்டை எழுத்தில் இருக்கும். பின்பக்கம் திருப்பினால் முதல் பெயர் மைதாவாக இருக்கும். பழுப்பு நிறம் சர்க்கரையைக் கருக்கிச் செய்த சாயத்திலிருந்தும் வரும். அடுத்த முறை மூக்குக் கண்ணாடியோடு கடைக்குப் போங்கள்.

இனி மாமியார் கட்சி. நான் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முந்நூறு கிராம் மைதா, ஒரு சிறு கரண்டி ஈஸ்ட், கொஞ்சம் பால், சர்க்கரை, உப்பு, வெண்ணெய், ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம். எல்லாம் சேர்த்தால் நாற்பது ரூபாயைத் தொடுகிறது. கடை ரொட்டி அதைவிட ஐந்து பத்துதான் கூடுதல். நேரமோ? பிசைய பத்துப் பன்னிரண்டு நிமிஷம், உப்ப ஒரு மணி, உருட்டி அச்சில் வைத்து மறுபடி முக்கால் மணி, சுட அரை மணிக்கு மேல், ஆற ஒரு மணி. கை வேலை அரை மணிதான். ஆனால் ஆள் வீட்டைவிட்டு நகர முடியாது. சென்னை வெயிலில் மாவு அவசரப்பட்டுப் பொங்கும்; 'இதோ காய்கறி வாங்கி வந்துவிடுகிறேன்' என்று போனால், வருவதற்குள் புளித்த வாடை வீடெங்கும். அந்த மூன்று மணிக்கு ஒரு பெண் தனக்குத்தானே சம்பளம் போட்டுக்கொண்டால் ரொட்டி தங்க விலையாகும். ஆகவே, சிக்கனத்துக்காகச் சுடுகிறேன் என்று யாரும் சொல்லிக்கொள்ள வேண்டாம். வாசனைக்காக, ருசிக்காக, மாவில் கை வைக்கும் சந்தோஷத்துக்காகச் சுடுங்கள். அது போதுமான காரணம்.

சிக்கனம் சுடுவதிலும் இல்லை, வாங்குவதிலும் இல்லை. அது இரண்டாம் நாளில் இருக்கிறது.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, 2022-ல் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன் என்கிறது. அதில் 60 சதவிகிதம் ஹோட்டலிலும் கடையிலும் அல்ல, வீடுகளில்! நம் நாட்டு வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ. தோல், கொட்டை எல்லாம் சேர்ந்த கணக்குத்தான். உலக சராசரியான 79 கிலோவைவிடக் குறைவுதான். இருந்தாலும் நாலு பேர் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு அறுநூறு கிராம் ஆகிறதே!

ஒன்று யோசித்துப் பாருங்கள். நம் பாட்டிமார் எதையும் எறியவில்லை என்கிறோம். எறியாமலிருக்க அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. மிஞ்சியது எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சோறு மிஞ்சினால் பழையது. அதன் தண்ணீர் நீராகாரம். மாவு புளித்தால் குழிப்பணியாரம். தயிர் புளித்தால் மோர்க்குழம்பு. இட்லி மிஞ்சினால் உப்புமா. குழம்பு மிஞ்சினால் சுண்டவைத்த குழம்பு; அதற்குப் போட்டியே நடக்கும். ரொட்டி நேற்று வந்த விருந்தாளி. அதன் மிச்சத்துக்கு நாம் பெயர் வைக்கவில்லை. ரொட்டியே சோறாக உள்ள தேசங்களில் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் காய்ந்த ரொட்டியைப் பாலிலும் முட்டையிலும் தோய்த்துப் பொரித்து 'இழந்த ரொட்டி' என்கிறார்கள். இத்தாலியில் டஸ்கனிப் பிரதேசத்தார் பீன்ஸும் கீரையும் போட்ட சூப்பில் பழைய ரொட்டியைப் போட்டு, 'மறுபடி கொதித்தது' என்ற பெயரில் சாப்பிடுகிறார்கள். நம் சுண்டவைத்த குழம்புக்குச் சொந்தக்காரி மாதிரி இல்லை?

இங்கே ஒரு எச்சரிக்கை. மிச்ச ரொட்டிக்கு யோசனை கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது ரொட்டி அல்வா. ஆம்பூர்ப் பக்கத்துக் கல்யாணங்களில் பிரியாணியோடு வரும் அருமையான பண்டம், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து ரூபாய் ரொட்டியைக் காப்பாற்ற எண்பது ரூபாய் நெய்யை வார்ப்பது எந்த ஊர்ச் சிக்கனம்? அது விருந்து, விருந்தாகவே செய்யுங்கள்.

தினப்படிக்கு உகந்தது உப்புமா. கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயமும் தக்காளியும் வதக்கி, சிறு சதுரங்களாக வெட்டிய ரொட்டியைப் போட்டுப் பிரட்டினால் ஆயிற்று. இதற்குப் புது ரொட்டி உதவாது, களியாகிவிடும். இரண்டு நாள் ரொட்டிதான் உதிரியாக நிற்கும். யாரும் தொடாத அந்தத் தோல் துண்டுகளை வெயிலில் மொறமொறவென்று காயவைத்துப் பொடித்துப் பாட்டிலில் அடையுங்கள். கட்லெட்டுக்கு மேலே பிரட்டக் கடையில் தனியாக விலை கொடுத்து வாங்கும் ரொட்டித் தூள் இதுதான்.

ரொட்டியைக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பது நம்மில் பலர் வழக்கம். அங்கே பூசணம் தாமதமாகும், வாஸ்தவம். ஆனால் ரொட்டியிலுள்ள மாவுச்சத்து அந்தக் குளிரில்தான் வெகு சீக்கிரம் இறுகிப்போகிறது. வெளியே வைப்பதைவிட வேகமாக வறட்டுத்தன்மை வந்துவிடும். வாங்கிய அன்றே இரண்டு நாளைக்கு வேண்டியதை டப்பாவில் வெளியே வையுங்கள். மிச்சத்தைக் காற்றுப் புகாமல் சுற்றி, ஐஸ் உறையும் மேல்தட்டில் போடுங்கள். வேண்டியபோது எடுத்து நேரே தோசைக் கல்லில் வாட்டினால் பழைய மென்மை பெருமளவு திரும்பிவிடும்.

பூத்த ரொட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பச்சைப் பகுதியைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியை உண்பது கூடாது. பூசணத்தின் நூல்கள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். மாட்டுக்கும் வேண்டாம், காக்கைக்கும் வேண்டாம். இன்னொன்று, சற்றுக் கசப்பான சமாசாரம். நாம் தின்ன மனமில்லாத மூன்றாம் நாள் ரொட்டியை, வீட்டு வேலைக்கு வரும் அம்மாளிடம் "குழந்தைகளுக்குக் கொடு" என்று நீட்டுகிறோமே, அதற்குத் தானம் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம். கொடுக்க மனமிருந்தால் பொட்டலத்தைப் பிரித்த அன்றைக்கே, நடுத் துண்டுகளாகப் பார்த்துக் கொடுக்கலாம். அவர் வீட்டுக் குழந்தைகளுக்கும் ஓரத் துண்டு பிடிக்காது.

கடைசியாக, உங்களிடம் ஒரு உதவி. மேலே சொன்ன உப்புமாவுக்கு 'ரொட்டி உப்புமா' என்ற பெயர் சப்பென்று இருக்கிறது. பிள்ளைகளைத் தட்டோடு ஓடிவரச் செய்யும்படி, 'பழையது' மாதிரி ஒரே வார்த்தையில் ஒரு பெயர் வேண்டும். தோன்றினால் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள்.