புது எஞ்சின் கெட்டியா?

வளவனூர்ப் பக்கம் செகண்ட் ஹேண்ட் வண்டி எடுக்க நினைப்பவர் முதலில் பட்டறைக்குத்தான் வருகிறார். "பழைய இன்னோவா எடுக்கலாமாண்ணே, கிரிஸ்டா எடுக்கலாமா? எது உழைக்கும்?" நம்மில் பலர் யோசிக்காமல் சொல்கிற பதில், "பழசுதான் கெட்டி." அதில் பாதிதான் உண்மை.

2005-இல் வந்த இன்னோவாவின் 2494 சிசி எஞ்சினையும், 2016-இல் கிரிஸ்டாவோடு வந்த 2393 சிசி எஞ்சினையும் பிரித்துப் பாருங்கள். பழையதில் டைமிங் பெல்ட். கெடு தாண்டி ஓட்டி அறுந்துபோனால் வால்வு பிஸ்டனில் முட்டும், ஹெட்டை இறக்கியாக வேண்டும். புதியதில் செயின். ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் அது பாட்டுக்கு ஓடும். பிளாக்கிலோ கிராங்கிலோ புதியது மட்டம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

வம்பெல்லாம் எக்ஸாஸ்ட் பக்கம். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6. டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமாக இருந்த புகைத்துகள் வரம்பு 4.5 ஆனது. அதற்காக வந்ததுதான் டிபிஎஃப் என்கிற புகைத்துகள் ஃபில்டர். பிடித்து வைத்த கரியை அது அவ்வப்போது எரிக்க வேண்டும், அதற்கு 600 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். விழுப்புரத்துக்கும் வளவனூருக்கும் நடுவிலேயே பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று சுற்றும் வண்டியில், கரி எரியத் தொடங்கும்போதே சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறார்கள்.

அப்படிப்பட்ட வண்டி வந்தால் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். எக்ஸாஸ்டில் தனி இன்ஜெக்டர் இல்லாத எஞ்சின்கள், கரி எரிக்கும் டீசலைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கின்றன. எரிப்பு பாதியில் நிற்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் ரிங்கைத் தாண்டிச் சம்புக்கு இறங்கும். ஆயில் குறைவதையே பார்த்துப் பழகிய நமக்கு, மேல்கோட்டைத் தாண்டி ஏறி நிற்கும் ஆயில் புதிது. விரலில் தேய்த்தால் பிசுபிசுப்பு இருக்காது, டீசல் வாடை அடிக்கும். பேரிங் தேய்வது இங்கிருந்துதான். பழி என்னவோ 'எஞ்சின் வீக்' என்றுதான் விழுகிறது.

டிபிஎஃப் லைட் எரிந்தால் "பைபாஸில் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வாங்க" என்று அனுப்புவதும் எல்லா வண்டிக்கும் மருந்தாகாது. கிரிஸ்டா எஞ்சினின் குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின்களோடு ஆஸ்திரேலியாவில் விற்ற ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ வண்டிகள் மீது வழக்கு வந்தது. 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளின் டிபிஎஃப் அமைப்பு குறைபாடுள்ளது என்று அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. மணிக்கு 100 கிலோமீட்டர் வாக்கில் விடாமல் ஓடும்போதுதான் அது சரியாக வேலை செய்யவில்லையாம்! ஆகவே முதலில் ஸ்கேனர் போட்டுக் கரி அளவையும் பிரஷர் வித்தியாசத்தையும் பாருங்கள்.

டிரம்மில் இருக்கிற பழைய தர ஆயிலை டிபிஎஃப் வண்டிக்கு ஊற்றாதீர்கள். அதன் சாம்பல் எரியாது, ஃபில்டரிலேயே தங்கிவிடும். சாம்பல் குறைந்த 'சி' தர ஆயில்தான் அதற்கு. கஸ்டமர் கெஞ்சினாலும் டிபிஎஃப்பைக் குடைந்து வெறுங்குழாயாக்கித் தராதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

எது உழைக்கும் என்று கேட்பவரிடம், தினமும் எங்கே, எவ்வளவு ஓட்டுவார் என்று திருப்பிக் கேளுங்கள். சென்னை, பெங்களூரு டிரிப் அடிக்கிறவருக்குப் புதியதைத் தைரியமாகச் சொல்லலாம். விழுப்புரத்தோடு திரும்புகிறவருக்கு பிஎஸ்6 டீசலே வேண்டாம், பெட்ரோல் வண்டி பார்க்கச் சொல்லுங்கள்.