கைபேசியா, கைவிலங்கா?

நோயாளி வைத்தியரிடம் எதையும் ஒளிக்கக்கூடாது என்பார்கள். நாமும் ஒளிப்பதில்லை. குடித்ததைச் சொல்கிறோம், பட்டினி கிடந்ததைச் சொல்கிறோம், கட்டிய மனைவியிடம் சொல்லாததைக்கூட அங்கே சொல்லிவிடுகிறோம். சொன்னது அந்த அறையைத் தாண்டாது, காவல் நிலையத்துக்கும் போகாது, கம்பெனி ஆபீசுக்கும் போகாது என்ற நம்பிக்கைதான் காரணம். அந்த நம்பிக்கை கைபேசிக்குள் புகுந்து கரையத் தொடங்கிவிட்டது என்று குற்றஞ்சாட்டுகிறோம்.

கொரோனா பரவிய காலத்தில், 2020 ஏப்ரல் 2-ஆம் நாள், மத்திய சர்க்கார் 'ஆரோக்கிய சேது' என்ற செயலியை வெளியிட்டது. பெயர், கைபேசி எண், வயது, பாலினம், செய்யும் தொழில் அத்தனையும் கேட்டது. பக்கத்தில் வந்த கைபேசியை புளூடூத் மூலம் குறித்துக்கொண்டது. போதாதென்று, போகிற வருகிற இடத்தையும் குறித்தது. சேது என்றால் பாலம். பாலத்தின் இக்கரையில் நிற்பது நாம். அக்கரையில் நிற்பது யார்? செயலியை உருவாக்கியது யார் என்று கேட்டவருக்கு நேரான பதில் தராததால், மத்தியத் தகவல் ஆணையமே 2020 அக்டோபரில் தேசியத் தகவலியல் மையத்துக்கு நோட்டீஸ் அனுப்ப நேர்ந்தது என்றால், இந்தப் பாலத்தின் இலட்சணத்தை வாசகர்களே அளந்து கொள்ளட்டும்!

முதலில், விரும்பினால் போதும் என்றார்கள். ஒரு மாதந்தான். மே 1-ஆம் நாள் உள்துறை அமைச்சகத்தின் உத்தரவு வந்தது. சர்க்கார் ஊழியரோ தனியார் தொழிலாளியோ, வேலைக்கு வருகிற எல்லோருக்கும் செயலி கட்டாயம். நூற்றுக்கு நூறு பேரிடமும் இருக்கச் செய்வது நிறுவனத் தலைவரின் பொறுப்பு என்றது அது. வெளியிட்ட நாளைக் கவனித்தீர்களா, தோழர்களே? மே தினம்! எட்டு மணி நேர வேலைக்காக இரத்தம் சிந்தியவர்களை உலகம் நினைக்கிற நாளில், தொழிலாளியின் சட்டைப்பையைச் சோதிக்கும் அதிகாரத்தை முதலாளியின் கையில் தூக்கிக் கொடுத்தார்கள். ஸ்மார்ட்போன் வாங்க வக்கில்லாதவன் என்ன செய்வான்? அதற்கு அந்த உத்தரவில் பதில் இல்லை. நொய்டாவில் போலீசார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வெளியே வருகிறவரின் கைபேசியில் செயலி இல்லையென்றால் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவு பாயும் என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, மே 17-ஆம் நாள், 'இயன்ற வரை' என்று உத்தரவு இறங்கி வந்தது.

கொள்ளை நோய் வரும்போது, நோயுற்றவர் யாருடன் பழகினார் என்று தெரிய வேண்டாமா என்று கேட்பார்கள். தெரிய வேண்டும், அதை நாம் மறுக்கவில்லை. தெருத்தெருவாக நடந்து கதவைத் தட்டிய செவிலியரும் சுகாதாரப் பணியாளரும் அந்த வேலையைத்தான் செய்தார்கள். அவர்களை மக்கள் நம்பினார்கள், வாய் திறந்தார்கள். சொன்னது போலீசுக்குப் போகும் என்றால் எவன் வாய் திறப்பான்? காய்ச்சலை மறைப்பான், மருத்துவமனையை ஒதுக்குவான், நோயோடு வேலைக்கு வருவான். நோய் வந்தவன் பெயர் வெளியே தெரிந்தால் ஊர் என்ன செய்யும் என்பதற்கும் கற்பனை தேவையில்லை. 2020 ஏப்ரலில் சென்னையில், அந்த நோயால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யப் போனவர்கள் மீதே கல் விழுந்தது.

சிங்கப்பூரைப் பாருங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் ஆயிரமாயிரம் பேர் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கிற நாடு அது. அங்கே 'டிரேஸ்டுகெதர்' என்ற செயலியை, விடுதிகளில் அடைபட்டிருந்த வெளிநாட்டுத் தொழிலாளருக்கு 2020-லேயே கட்டாயமாக்கினார்கள். தொடர்பு கண்டறிவதற்கு மட்டுமே என்று அமைச்சர் உறுதி சொன்னார். 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் இன்னோர் அமைச்சர் எழுந்து, குற்ற வழக்கு விசாரணைக்குப் போலீசார் அந்த விவரங்களைப் பெற முடியும் என்றார். ஒரு கொலை வழக்கில் ஏற்கெனவே அப்படிக் கேட்டிருந்ததும் வெளிவந்தது. கொலைகாரனைப் பிடிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கு எங்கே என்றுதான் அந்நாட்டு மக்கள் கேட்டார்கள். அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டத்தில் வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. நார்வேயில், தகவல் பாதுகாப்பு ஆணையம் கண்டித்ததும் 2020 ஜூனில் செயலியையே நிறுத்தித் திரட்டியதை அழித்தார்கள்.

இங்கே? காஷ்மீரின் குல்காம் மாவட்டத்தில் ஆரோக்கிய சேது விவரங்கள் போலீசாருக்குக் கொடுக்கப்பட்டன என்பது 2021-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியேதான் வெளிச்சத்துக்கு வந்தது. பயனாளிகளின் அறிந்த சம்மதமின்றி விவரங்களைப் பிற துறைகளுக்குத் தரக்கூடாது என்று கர்நாடக உயர்நீதிமன்றம் 2021 ஜனவரியில் இடைக்காலத் தடை விதித்தது. தொடர்பு கண்டறியும் வசதியை நிறுத்திவிட்டோம், அந்த விவரங்களை அழித்துவிட்டோம் என்று 2023-இல் மக்களவையில் சர்க்கார் சொன்னது. நல்லது. ஆனால் கைமாறிப் போன பிரதிகள்? அவற்றை அழித்தது யார், பார்த்தது யார்?

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24-இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதன் பின் ஆறாண்டு கழித்து, 2023-இல், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. படித்துப் பார்த்தால், கொள்ளை நோய்க் காலத்தில் சிகிச்சைக்காகச் சம்மதம் கேளாமலே விவரங்களைக் கையாளலாம் என்கிறது ஒரு பிரிவு. நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி எந்தச் சர்க்கார் அமைப்புக்கும் விலக்குத் தரலாம் என்கிறது இன்னொரு பிரிவு. முன்கதவுக்குப் பூட்டு, கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இல்லை!

எனவே கேட்கிறோம். மருத்துவத்துக்காகப் பெற்ற விவரம் போலீசுக்கோ முதலாளிக்கோ போகக்கூடாது என்று நாடாளுமன்றம் சட்டமாகவே எழுதட்டும். அமைச்சர் வாக்கு போதாது. இத்தனை நாளில் அழிப்போம் என்ற கெடுவும், அழித்ததைச் சோதிக்கச் சர்க்காருக்குக் கட்டுப்படாத ஓர் அமைப்பும் வேண்டும். அடுத்த கொள்ளை நோய் வந்த பிறகு, நள்ளிரவு உத்தரவாக அல்ல; இப்போதே.

நமது தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. மருத்துவ முகாமிலும் மருத்துவமனைச் சீட்டு வரிசையிலும் இப்போது 'ஆபா' என்ற 14 இலக்கச் சுகாதார எண்ணைக் கேட்கிறார்கள். எடுத்துக்கொள்வது அவரவர் விருப்பம் என்பது சர்க்காரே அறிவித்த கொள்கை. ஆரோக்கிய சேதுவும் அப்படித்தான் தொடங்கியது. எண் இல்லையென்று எந்தத் தொழிலாளியையாவது வரிசையிலிருந்து விலக்கினால், கிளைச் செயலாளர்கள் அங்கேயே போய் நின்று, எந்த உத்தரவின் பேரில் என்று எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.