செல்போனுக்கு எதற்கு அரிசி?

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் டெல்டா விவசாயிகளின் பேச்சில் அடிக்கடி வரும் எண் 17. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டை நகராது. களத்தில் கொட்டி, காலால் கிளறி, பனி இறங்கும் முன் படுதா போட்டு மூடி, காலையில் மறுபடி விரித்து, ஒரு பிடி அள்ளி மீட்டரில் போட்டுப் பார்த்தால் 19 காட்டும். மறுபடி காயப்போட வேண்டும். மழை கெடுத்த ஆண்டுகளில் மத்திய அரசு மனமிரங்கி வரம்பைத் தளர்த்துவதும் உண்டு. 2023 பிப்ரவரியில் 20 வரை தளர்த்தினார்கள். தானியத்தை உலர்த்துவது எவ்வளவு பெரிய பாடு என்று இந்த மண்ணில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே விவசாயியின் செல்போன் வாய்க்காலில் விழுந்துவிட்டால்? வீட்டுக்கு ஓடிவந்து அரிசி டின்னைத் திறக்கிறார்.

பூவத்தில் இதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. காரைக்காலின் வடக்கு எல்லை ஊர் இது. நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. இன்னும் கொஞ்சம் போனால் தரங்கம்பாடி. மேற்கே வயல், கிழக்கே மண்டபத்தூர், காளிக்குப்பம் என்று மீனவர் ஊர்கள். ஆற்று நீர், வயல் நீர், கடல் நீர், ஐப்பசி மழை என்று செல்போன் நனைய இங்கே ஆயிரம் வழி. நனைந்த போனுக்கு மருந்து மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே கிடையாது. வாட்ஸ்அப்பில் வரும் 'பயனுள்ள 10 டிப்ஸ்' எதுவானாலும் அதில் அரிசி இல்லாமல் இருக்காது. புழுங்கலரிசிதான் சரி, பச்சரிசி ஆகாது என்று அதற்குள் உட்பிரிவு வேறு. காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் ரேஷன் அரிசிக்குப் பதிலாகப் பல ஆண்டுகள் வங்கியில் பணம்தான் போட்டார்கள்; அந்தக் காலத்திலும் செல்போனுக்கு அரிசித் தட்டுப்பாடு வந்ததாகத் தெரியவில்லை.

இந்த வைத்தியத்தில் உண்மை ஏதும் இல்லை. 'பலன் குறைவு, ஆனால் கெடுதல் இல்லை' என்று சமாதானம் சொல்வதற்கும் இடமில்லை. கெடுதல் உண்டு.

முதலில் கணக்கு. நன்றாகக் காய்ந்தது என்று கிடங்கில் சேர்க்கும் அரிசியிலேயே 14 சதவீதம் வரை ஈரம் இருக்கும். 10 கிலோ அரிசி டின்னில் சுமார் 1.4 லிட்டர் தண்ணீர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். போனுக்குள் போனதோ சில சொட்டு. அரிசி, நெல், கோதுமை எல்லாமே சுற்றியிருக்கும் காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தம் ஈரத்தைச் சரிசெய்துகொண்டு நின்றுவிடும். மழைக்காலத்தில் இந்தக் கரையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அந்தக் காற்றில் வாரக்கணக்கில் இருந்த அரிசிக்குப் புதிதாக ஈரத்தை இழுக்கும் தாகம் எங்கிருந்து வரும்? வாணலியில் நன்றாக வறுத்து, சூடு ஆறியதும் காற்றுப் புகாமல் அடைத்துவைத்த அரிசி கொஞ்சம் ஈரம் இழுக்கும். விதை சேமிப்பவர்கள் அப்படிச் செய்வதுண்டு. செல்போன் நனைந்த பதற்றத்தில் அரிசி வறுத்த வீட்டை நான் கேள்விப்பட்டதில்லை.

வறுத்திருந்தாலும் பெரிய பயன் இராது. போனுக்குள் போன தண்ணீர் வெளியே தெரியும்படி நிற்பதில்லை. போர்டின் மேல் மூடியிருக்கும் தகரத் தட்டுகளுக்கு அடியிலும், சிப்புக்கும் போர்டுக்கும் நடுவே உள்ள மயிரிழை இடுக்கிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. வெளியே கிடக்கும் அரிசி அதைத் தொடுவதே இல்லை. அந்த நீர் ஆவியாகி வெளியேறினால்தான் உண்டு. அதற்கு வேண்டியது காற்றோட்டம். நாம் செய்வதோ நேர்மாறு. போனின் ஒவ்வொரு துளையையும் அரிசி கொண்டு அடைத்து, மேலே மூடியும் போட்டு இறுக்கிவிடுகிறோம். ஈரத் துணியைக் கொடியில் போடாமல் பெட்டியில் பூட்டிக் காயவைக்கும் கெட்டிக்காரத்தனம் இது. இதோடு அரிசியின் தவிட்டுத் தூளும் மாவும் சார்ஜ் துளையில் இறங்கி, ஈரத்தோடு சேர்ந்து பசையாகின்றன.

இனி உப்பு. கடற்கரை ஊர்க்காரர்கள் குறிப்பாகக் கேட்க வேண்டிய விஷயம் இதுதான். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நீர் ஆவியாகிப் போகலாம், உப்பு போகாது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடுப்படி உப்பு ஜாடி நீர் விட்டுக்கொள்வது இதனால்தான். கடல்நீர் புகுந்த போனின் போர்டிலும் அதே கதை நடக்கும். பகலில் காய்ந்தது போலிருக்கும், ராத்திரிக் காற்றில் மறுபடி ஈரமாகும். எத்தனை நாள் அரிசியில் புதைத்தாலும் அது உலரவே போவதில்லை. உலர்த்துவதே இங்கே தவறான மருந்து. உப்பைக் கழுவி எடுக்க வேண்டும்.

வயல் நீர் மட்டும் என்ன சுத்தமா? சேறும் உரமும் கரைந்த நீர். மின்சாரம் பாய்வதற்குக் கரைந்த உப்புகள் போதும். பேட்டரி உள்ளே இருக்கிறது, நெருக்கமான செம்புக் கோடுகளுக்கு இடையே மின்னழுத்தம் இருக்கிறது, நடுவில் உப்புத் தண்ணீர் இருக்கிறது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் இரண்டு கம்பிகளை உப்பு நீரில் விட்டுக் காட்டும் மின்பகுப்பு இதுவேதான். நேர்முனையில் செம்பு கரைகிறது. கரைந்தது எதிர்முனையில் மெல்லிய கிளைகளாகப் படிந்து வளர்கிறது. இரண்டு முனையும் தொட்டால் ஷார்ட். போனைக் கொல்வது ஈரம் தனியாக அல்ல, ஈரமும் மின்சாரமும் சேர்ந்துதான். அந்த வேலை மணிக்கணக்கில் நடக்கும். அரிசி டின் பரிசளிப்பது அந்த மணிநேரங்களைத்தான்.

காரைக்காலில் ஒரு சர்வீஸ் கடையில் நின்றுகொண்டிருந்தபோது நடவுக்குப் போகும் ஒரு அம்மா போனோடு வந்தார். "தம்பி, மூணு நாளு அரிசியில வச்சிருந்தேன், நேத்து ஆன் ஆச்சு, இன்னைக்கு ஒண்ணுமே இல்ல." கடைப் பையன் பின்மூடியைச் சூடு காட்டிக் கழற்றினான். சார்ஜ் பின்னைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது, பழைய செம்புக் குடத்தின் கழுத்தில் பார்ப்போமே, அந்தப் பச்சை. ஊக்கு நுனியால் சார்ஜ் துளையை நோண்டியபோது அரைக் குறுணை அரிசி வந்து விழுந்தது. போர்டின் மேலிருந்த தகரத் தட்டைக் கழற்றினான். அடியில் இன்னும் ஈரம் இருந்தது. மூன்று நாள் கழித்து! "அன்னைக்கே வந்திருந்தா கழுவிக் குடுத்திருப்பேன் அக்கா, இப்ப அரிப்பு போர்டைத் தின்னுடுச்சு" என்றான். அந்த அம்மா அரிசியைக் குறை சொல்லவில்லை. "பழைய அரிசி, அதான் போல" என்றார்.

இந்த நம்பிக்கை இவ்வளவு நாள் தாக்குப்பிடித்ததன் ரகசியம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. போன் பிழைத்தால் புகழ் அரிசிக்கு. செத்தால் பழி போனுக்கு, தண்ணீருக்கு, நேரத்துக்கு. எதுவுமே இல்லாவிட்டால் அரிசி பழசு. மூன்று வாரம் கழித்து மைக் போகும், ஒரு மாதம் கழித்து சார்ஜ் ஏறாது. அப்போது அதை வாய்க்காலில் விழுந்ததோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

'என் போன் பிழைத்ததே' என்பவர்கள் இருக்கிறார்கள். பிழைத்திருக்கும். மேசையில் சும்மா வைத்திருந்தாலும் பிழைத்திருக்கும். அதோடு இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இந்த டிப்ஸ் நம் ஊரில் பரவிய காலத்துப் போன்கள் எப்படிப்பட்டவை? நகத்தால் நெம்பினால் பின்மூடி கழன்றுவிடும், பேட்டரி கையோடு வந்துவிடும். 'பேட்டரியைக் கழற்று, சிம்மை எடு, அரிசியில் போடு' என்று மூன்று வரி சொன்னார்கள். காப்பாற்றியது முதல் வரி. மின்சாரம் நின்றதால் அரிப்பு நின்றது. இன்று பெரும்பாலான போன்களில் பேட்டரி உள்ளே ஒட்டப்பட்டிருக்கிறது, கையால் கழற்ற முடியாது. பலன் தந்த வரி காலாவதியாகி, பலனில்லாத வரி மட்டும் உயிரோடு நிற்கிறது.

இதைச் சொன்னால், 'நீ யார் சொல்ல, கம்பெனிக்காரன் சொன்னானா?' என்பார்கள். சொல்லியிருக்கிறான். ஐபோன் தயாரிக்கும் ஆப்பிள் நிறுவனம், 2024 ஜனவரியில் வெளியிட்ட உதவிக் குறிப்பில் போனை அரிசிப் பையில் வைக்காதீர்கள், அரிசித் துகள் உள்ளே போய்ப் போனைக் கெடுக்கலாம் என்று வெளிப்படையாகவே எழுதியது. வெப்பம் காட்டாதே, காற்றைப் பீய்ச்சாதே, துளைக்குள் பஞ்சோ காகிதமோ திணிக்காதே என்பதும் அதிலேயே இருக்கிறது. நம் ஊரில் அரிசிக்கு அடுத்தபடி நடக்கும் ஹேர் டிரையர் வைத்தியத்துக்கும் மொட்டை மாடி வெயில் வைத்தியத்துக்கும் சேர்த்தே பதில் வந்துவிட்டது. லித்தியம் பேட்டரியைச் சித்திரை வெயிலில் காயவைப்பது பற்றி நான் தனியாக எழுதினால் கோபம் அதிகமாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

கம்பெனிகளையும் சும்மா விடக்கூடாது. 'என் போன் ஐபி68, தண்ணிக்குள்ளயே போட்டோ எடுக்கலாம்' என்று நம்பி நண்டலாற்று முகத்துவாரத்தில் இறங்கும் பையன்களின் தலையில் அதை ஏற்றியது விளம்பரங்கள்தான். ஐபி68 என்பது ஆய்வகத்தில், சுத்தமான நன்னீரில், கம்பெனி குறிப்பிடும் ஆழத்திலும் நேரத்திலும் செய்யும் சோதனை. கடல்நீருக்கு அந்த உறுதி கிடையாது. ஒருமுறை கீழே விழுந்து ஓரம் விலகிய போனுக்கும் கிடையாது. நீச்சல் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்ற தோற்றம் தந்த விளம்பரங்களுக்காக, ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2022-ல் சாம்சங்கின் அந்நாட்டுக் கிளைக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. தண்ணீர் தாங்கும் என்று விளம்பரம் செய்துவிட்டுத் தண்ணீர் சேதத்தை வாரன்டியில் சேர்க்காததற்காக 2020-ல் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. இங்கும் வாரன்டி தண்ணீருக்குப் பொருந்தாது. போனுக்குள் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் சின்ன ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சரி, நனைந்தால் என்னதான் செய்வது? முதல் நிமிடத்தில் ஆஃப் செய்யுங்கள். 'வேலை செய்கிறதா' என்று பார்க்கும் ஆசையை அடக்குங்கள். அந்த ஒரு பார்வைக்குப் போன உயிர்கள் அதிகம். சார்ஜரை அண்டவிடாதீர்கள். சிம் தட்டை எடுத்துவிட்டு, சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி நீரை வடியுங்கள். ஐபி தரம் உள்ள போன் கடல்நீரில் விழுந்திருந்தால் நல்ல தண்ணீரில் அலசித் துடைக்கலாம், தயாரிப்பாளர்களே அதைத்தான் சொல்கிறார்கள். பலருக்கு நம்பவே முடியாது, நனைந்த போனை மறுபடி நனைப்பதா என்று. உப்பை எடுக்க வேறு வழியில்லை. அந்தத் தரம் இல்லாத போனில் இதை முயல வேண்டாம். அது அன்றைக்கே கடைக்குப் போக வேண்டும். அங்கே போர்டைக் கழற்றி ஐபிஏ என்று சொல்லும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுக் கழுவுவார்கள். அது நீரையும் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வெளியேறி, தான் சீக்கிரம் ஆவியாகிவிடும். உப்பு ஏறியிருந்தால் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு எடுப்பதும் உண்டு. புதுப் போன் விலையோடு ஒப்பிட்டால் கழுவும் கூலி சொற்பம். மூன்று நாள் அரிசியில் ஊறியபின் போர்டையே மாற்றச் சொன்னால் அது சொற்பமாக இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை, புயல் எச்சரிக்கை, பஸ் இல்லை, காரைக்கால் போக வழியில்லை என்றால்? ஆஃப் செய்த போனை மின்விசிறிக்கு நேரே சாய்த்து நிறுத்துங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வீட்டில் நிறையக் கிடந்தால் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் மூடிய டப்பாவைவிட ஓடுகிற விசிறி மேல். மின்சாரமும் போய்விட்டால் ஜன்னலோர மேசை போதும். திங்கட்கிழமை காலை கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும் நேரத்துக்கு அங்கே நிற்க வேண்டும். போகிற வழியில் ஒருமுறை ஆன் செய்து பார்த்துவிட்டுப் போகக் கூடாது.